கெளுத்தி நீந்திய மட்டம்

வேம்பங்காட்டுக் கண்மாயில் பத்தொன்பது வருஷமாகத் தண்ணீர் இல்லை என்பது சர்க்காருக்குத் தெரியும், பிளாட் போட்டு விற்றவர்களுக்குத் தெரியும், அதை வாங்கி வீடு கட்டிப் பால் காய்ச்சி, மொட்டைமாடியில் கறுப்புத் தொட்டி ஏற்றிக் குடிவந்த அறுபத்து நான்கு குடும்பங்களுக்கும் தெரியும். தெரியாமல் இருந்தது கெளுத்தி என்ற நாய்க்கு மட்டும்தான். ஆவணி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை விடியலில் அது கரைமேல் நடந்து வந்து, பழைய மடைக்கல் பக்கம் நின்று மூக்கைத் தூக்கிப் பார்த்துவிட்டு, சரிவில் இறங்காமல் நேரே முன்னால் காலை வைத்து, நிலம் இல்லாத இடத்தில் நான்கு காலையும் அடித்து நீந்தியபடி, கண்மாய்க்குள் இருந்த நீலாம்பரி கார்டனின் கூரைகளுக்கு மேலாகப் போனது.

நாய் அந்தரத்தில் நீந்துகிறதே என்று யாரும் மூக்கில் விரல் வைத்து நிற்கவில்லை. ஆளுக்கு ஆயிரம் ஜோலி. எந்த மட்டத்தில் நீந்துகிறது என்பதுதான் பிரச்சினையாயிற்று. குடியிருப்போர் சங்கச் செயலாளர் ஜெகவீரன், ஓய்வுபெற்ற சர்வேயர், மொட்டைமாடியில் நின்று நூல்கட்டி அளந்து பார்த்தார். ஒருமாடி வீடுகளின் மொட்டைமாடித் தளத்திலிருந்து மூன்றரை அடி உயரத்தில் நாயின் வயிறு போகிறது, அது கலுங்குக் கல்லின் மட்டம், அதாவது கண்மாய் நிறைந்தால் தண்ணீர் நிற்கும் மட்டம் என்று அவரே அறிவித்தார். அன்று சாயங்காலத்துக்குள் மாடிமேல் மாடி கட்டிய பதினொரு வீட்டுக்காரர்களுக்குத் தாங்கள் தண்ணீருக்கு மேலே குடியிருப்பது தெரிந்துபோய், அந்த வீட்டுப் பெண்கள் துணி காயப்போடும்போது கீழே பார்க்கும் பார்வையில் ஒரு இரக்கம் வந்துவிட்டது. மிச்சம் ஐம்பத்து மூன்று வீடும் அடியில் கிடந்தன. சொர்ணவல்லியின் வீடு அந்த ஐம்பத்து மூன்றில் ஒன்று.

கெளுத்தி தெருநாய் இல்லை. அது மடைநாய், அந்தச் சாதியில் மிஞ்சியது அது ஒன்றோ, எங்கோ இன்னொன்றோ. கண்மாய் நிறைந்து அலையடித்த காலத்தில் மடையைத் திறக்கவேண்டும் என்றால் ஒரு ஆள் மூச்சைப் பிடித்து இரண்டு பனை ஆழம் முங்கிப் போய், அடியில் அடைத்திருக்கும் கல்லை அசைத்து எடுக்கவேண்டும். கல் அசைந்ததும் தண்ணீர் ஆளையும் சேர்த்து உறிஞ்சும். மேலே வந்தவன் மடைக்காரன், வராதவனுக்கு நடுகல். அந்த மடைக்காரர்கள் வளர்த்த நாய் இது. அந்தக் காலத்தில் அரபுக் குதிரை ஏற்றிவந்த கப்பலில் வந்து இறங்கியது என்பார்கள், நீர்நாயும் வேட்டைநாயும் கூடிப் பிறந்தது என்பார்கள். எது உண்மையானாலும் விரலுக்கு விரல் வாத்துக்கால் மாதிரித் தோல் இருக்கும், மயிர் சுருண்டு சுருண்டு எண்ணெய் தடவினாற்போல இருக்கும், குரைக்கவே குரைக்காது. முங்கின இடத்தில் வாயைத் திறந்த நாய்கள் எல்லாம் எப்போதோ செத்துப்போய், வாயை மூடிய நாய்களின் வம்சம் மட்டும் தங்கியது.

வளர்ப்பதும் லேசில்லை. புரட்டாசி பிறக்கும் முன்னே இடுப்புக்குக் கீழே மயிரைக் கத்தரித்துவிடவேண்டும், பின்னங்கால் லேசாக அடிக்க. நெஞ்சு மயிரைத் தொடக்கூடாது, மடைவாயின் குளிர் நெஞ்சில் ஏறிவிடும். நீந்தி வந்த ஒவ்வொரு முறையும் காதுக்குள் வேட்டித்துணி விட்டுத் துடைக்கவேண்டும், இல்லாவிட்டால் சீழ் வைக்கும். கம்பங்கூழில் மீன்தலையை வேகவைத்துப் போடவேண்டும். சங்கிலி ஆகவே ஆகாது. பிறந்த ஐந்தாம் வாரத்தில் பழுத்த தக்காளியைக் கவ்வக் கொடுத்துப் பழக்குவார்கள். தோல் கிழியாமல் கரைக்குக் கொண்டுவந்தால்தான் அடுத்த பாடம். அடுத்த பாடம் ஆளின் மணிக்கட்டு. முங்கிய ஆளின் கை அசைந்துகொண்டிருக்கும்வரை நாய் கரையிலேயே பொறுமையாக இருக்கும், கை அசையாமல் நின்றதோ, பாய்ந்து போய் மணிக்கட்டைக் கவ்வி இழுத்து வந்துவிடும். அரசன் தடுத்தாலும் நிற்காது. கரையில் நிற்பவன் பேச்சை அது ஒருநாளும் கேட்டதில்லை. ரோஷமும் அதிகம், ஆளைத் தூக்க முடியாமல் போய்விட்டால் அப்புறம் சோறு தண்ணி இறங்காது. மடைக்கு இரும்புச் சக்கரமும் பலகையும் வந்ததும் முங்குகிற ஆளுக்கு வேலையில்லை, நாய்க்கும் வேலையில்லை. ரேஷன் கடையில் எடைபோடும் வெள்ளைக்கண்ணு மட்டும், அப்பா வளர்த்தார் என்ற ஒரே காரணத்துக்காக, கரைமேல் உள்ள தன் வீட்டில் அந்த வம்சத்தைக் காப்பாற்றி வந்தார்.

இப்படிப்பட்ட நாய் நிறைகண்மாயில் நீந்திக்கொண்டு கீழே குனிந்து பார்த்தால் அதன் கண்ணுக்கு என்ன தெரியும்? அடியில் ஐம்பத்து மூன்று வீட்டு ஜனம் அசையாமல் கிடப்பது தெரியும்.

நான்காம் நாள் நாய் ஆளைத் தூக்க ஆரம்பித்தது. முதல் ஆள் ஜெகவீரனேதான். வாசலில் நாற்காலி போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவரின் மேல் கெளுத்தி மேலிருந்து செங்குத்தாக இறங்கி, மணிக்கட்டைப் பிடித்து, அவர் போட்ட கூப்பாட்டைச் சட்டை செய்யாமல் கரைவரை இழுத்துக்கொண்டு போய், மேலே சேர்த்த பிறகு விட்டுவிட்டு, உடம்பை உதறிக்கொண்டது. ஒரு துளி கூடத் தெறிக்கவில்லை, இருந்தாலும் பக்கத்தில் நின்றவர்கள் முகத்தைத் துடைத்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு டிவி பார்த்தவர்கள் போனார்கள், பகலில் கண்ணயர்ந்தவர்கள் போனார்கள், பரீட்சைக்குப் படித்த பிள்ளைகள் போனார்கள். மாவு பிசைந்தவள் போகவில்லை, தையல் மிஷின் ஓட்டியவள் போகவில்லை. விஷயம் பிடிபட்டதும் சங்கம் ஒரு நோட்டீஸ் ஒட்டியது: விடிந்ததிலிருந்து நாய் வெள்ளைக்கண்ணு வீட்டுக்குத் திரும்பும் அந்திவரை உறுப்பினர்கள் தயவுசெய்து கைகளை அசைத்தபடி இருக்கவும்.

அசைத்தார்கள். இரண்டு வாரத்தில் அது நடையோடு சேர்ந்துவிட்டது. பால் வாங்கப் போகிறவர் ஒரு கையில் தூக்குவாளியை வைத்துக்கொண்டு மறுகையால் தண்ணீரைத் தள்ளினார். சண்டை போடுகிறவர்கள் நீந்தியபடியே சண்டை போட்டார்கள். அருப்புக்கோட்டையிலிருந்து ஒரு வீட்டுக்குப் பெண்பார்க்க வந்தவர்கள், காபி கொடுத்த கை தவிர எல்லாக் கையும் துழாவிக்கொண்டிருப்பதைப் பார்த்து, இது இந்தப் பக்கத்து மரியாதை போலிருக்கிறது என்று தாங்களும் துழாவினார்கள், சம்பந்தம் முடிந்தும் போனது. ஆனால் உட்கார முடியாத ஊரில் எத்தனை நாள் இருக்கமுடியும்? யாருக்கும் சாப்பாடு செரிக்கவில்லை. ராத்திரி நாய் இல்லாத நேரத்திலும் படுக்கையில் கை தானாகத் துழாவியது. எதற்கெடுத்தாலும் எரிந்து விழுந்தார்கள். நாயைத் தொலைத்துக் கட்டினால் போதும் என்பார்கள். தண்ணீர் வந்தால் என்ன செய்வது என்று ஒருவர் வாயிலும் வராது.

சொர்ணவல்லிக்கு இந்தப் பழக்கத்தை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. எட்டு மாதமாக அவள் கை நின்றதே கிடையாது. அவள் புருஷன் தவசிலிங்கம் இருபத்தாறு வருஷம் அரசு பஸ் ஓட்டியவர், குளியலறையில் விழுந்த அன்றைக்கு வலதுபக்கம் முழுக்கப் போய்விட்டது. இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் போடவேண்டும், முதுகு புண்ணாகாமல் பவுடர் போடவேண்டும், கஞ்சியை ஸ்பூன் ஸ்பூனாகப் புகட்டவேண்டும், துணி அலசவேண்டும். இடது கை நன்றாகத்தான் இருக்கிறது, அசைத்துப் பழகச் சொல்லுங்கள் என்று டாக்டர் தலைபாடாக அடித்துக்கொண்டார். அந்த மனுஷன் அசைக்கவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். பேச்சும் குழறியதால் பேசுவதையே விட்டுவிட்டார். திருப்பூரில் இருக்கும் மகள் ஞாயிற்றுக்கிழமை தோறும் போனில் அழுவாள், இங்கே வந்துவிடுங்கள் என்று. சொர்ணவல்லி மாட்டேன் என்பாள். இந்த வீட்டுக்குக் காங்கிரீட் போட்ட அன்று அவர் சிமெண்ட் மூட்டைமேல் உட்கார்ந்து, "இனிமே என்னைய எந்த வாடகை வீட்டுக்கும் தூக்கிட்டுப் போகாத சொர்ணம், இங்கருந்து தூக்குனா நேரா சுடுகாட்டுக்குத்தான்" என்று சொன்னது அவள் நெஞ்சில் ஆணியடித்து நின்றது. அவரைக் கிளப்பினால் செத்துப்போவார் என்று அவள் நம்பினாள்.

அசையாமல் கிடக்கிற அந்த மனுஷனை நாய் விடுமா? அதுவரை கதவு சாத்தியிருந்ததால் அவர் அதன் கண்ணில் படவில்லை; ஒரு சனிக்கிழமை கதவைத் திறந்து போட்டுவிட்டு அவள் கொல்லையில் துணி அலசிய நேரத்தில் கெளுத்தி உள்ளே இறங்கி, கட்டிலிலிருந்து அவரை இழுத்துப் போட்டு, வாசல்படி தாண்டி, தெருவில் முப்பதடி கொண்டுபோய்விட்டது. அவள் விளக்குமாற்றால் அடித்தாள், கல்லால் அடித்தாள், நாய் கண்ணை மூடிக்கொண்டு வாங்கிக்கொண்டதே தவிர விடவில்லை. கடைசியில் நாலு பேர் நீந்தி வந்து பிரித்தார்கள். அவருடைய முதுகுத்தோல் உரிந்திருந்தது. மணிக்கட்டில் ஒரு கீறல் கூட இல்லை, அதை அவள் பார்க்கவில்லை. அன்றிலிருந்து கதவையும் ஜன்னலையும் அடைத்துத் தாழ் போட்டாள். கெளுத்தி வெளியே பிறாண்டியது. விடிந்ததிலிருந்து அந்திவரை பிறாண்டியது. நகம் பிய்ந்து வாசல்படியில் ரத்தம் காய்ந்து கிடந்தது.

மூன்றாம் நாள் வெள்ளைக்கண்ணு வந்தார். துண்டைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றார்.

"தாயி, மன்னிச்சுக்கணும். நாயி மூணு நாளா வாயில ஒண்ணும் வைக்கல. உள்ள ஒரு ஆளு கெடக்காருன்னு அதுக்குத் தெரிஞ்சு போச்சு."

"அதுக்கு? எம் புருசனத் தூக்கி அதுகிட்டக் குடுக்கச் சொல்றீகளா அண்ணே? சாகட்டும். எனக்கு அந்த நாயி செத்தாத் தேவலை."

"சொல்லுங்க, வாங்கிக்கிறேன். ஆனா ஒண்ணு. அவுக ஒத்தக் கைய அசைச்சாப் போதும், அது பாட்டுக்குப் போயிரும். பொல்லாத நாயி இல்ல தாயி."

"அவுகளுக்கு அசைக்கணும்னு இருந்தா எட்டு மாசமா நான் ஏன் இந்தப் பாடு படுறேன்?" என்று கதவைச் சாத்தினாள்.

அன்று சாயங்காலமே ஜெகவீரன் மனு எழுதிக்கொண்டு வந்தார். நாய்வண்டியை வரச்சொல்லியிருக்கிறார்கள், வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு வந்து சுருக்குப் போட்டுப் பிடித்துப் போய்விடுவார்கள், வண்டிக்காரர்களுக்குப் பாதிக்கப்பட்டவர் கையெழுத்து வேண்டும். "உங்களவிட இங்க யாரும்மா அதிகமாப் பாதிக்கப்பட்டது? மொதல் கையெழுத்து நீங்கதான்" என்றார், இடது கையால் காற்றைத் துழாவியபடி. அவள் ஈரக்கையைச் சேலையில் துடைத்துவிட்டுப் போட்டாள். யோசிக்கவே இல்லை.

ஆனால் வியாழக்கிழமை வருவதற்குள் அடைத்த வீட்டின் புழுக்கத்தில் அவர் செத்துப்போவாரோ என்று பயம் வந்தது. ஜன்னலைத் திறக்காமல் முடியாது, திறந்தால் நாய். யோசித்து யோசித்து, இந்தத் தெருவில் யாருக்கும் தோன்றாத ஒன்று அவளுக்குத் தோன்றியது. தலையை ஆட்டுகிற மேஜை ஃபேனைக் கட்டிலருகே வைத்து, அதன் கழுத்தில் ஒரு பாவாடை நாடாவைக் கட்டி, மறுமுனையை அவருடைய இடது மணிக்கட்டில் கட்டினாள். ஃபேன் இந்தப் பக்கம் திரும்பினால் கை இழுபடும், அந்தப் பக்கம் திரும்பினால் கை தளரும். கெளுத்தி ஜன்னலுக்கு வெளியே அந்தரத்தில் மிதந்துகொண்டு அந்தக் கையையே வெகுநேரம் பார்த்தது, பிறகு திரும்பிப் போனது. நாயை ஏமாற்றியாயிற்று என்று சொர்ணவல்லி முகம் கழுவினாள். ஆனாலும் கரண்ட் போகும்போதெல்லாம் கை நிற்கும், நாய் ஜன்னலில் தலையை நுழைக்கும், அவள் ஓடிவந்து கையைப் பிடித்து ஆட்டுவாள். அவர் அப்போதும் சுவரைத்தான் பார்த்தார். ஒருமுறை மட்டும் அவர் உடம்பு குலுங்கியது. அழுகிறாரோ என்று எட்டிப் பார்த்தாள், வாயின் ஒரு பக்கம் கோணியிருந்தது. சிரிப்பு மாதிரியும் இருந்தது.

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கரண்ட் போனது. மாதாந்திரப் பராமரிப்பு, சாயங்காலம்தான் வரும். அது அவளுக்கு மறந்தே போயிற்று. அடுப்படியில் கஞ்சி வைத்துக்கொண்டு, ஏன் இப்படி வேர்க்கிறது என்று நினைத்தபடியே கதவைத் திறந்து போட்டாள், மறுபடி கஞ்சியைக் கிண்டினாள், துணியைப் பிழிந்தாள், அவருக்குத் துடைக்கத் தண்ணீர் மொண்டு வந்தாள். கட்டிலருகே வந்தபோதுதான் ஃபேன் நிற்பதைப் பார்த்தாள். நாடா தொய்ந்து தொங்கியது. அவருடைய இடது கை போய் வந்துகொண்டிருந்தது. யாரும் இழுக்கவில்லை. மெதுவாக, முன்பு ஸ்டியரிங்கைத் திருப்பியதுபோல நிதானமாக, அது தானாகப் போய்த் தானாக வந்தது. முகம் சுவரைவிட்டுத் திரும்பி அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது.

சொர்ணவல்லிக்குச் சந்தோஷம் வரும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். வரவில்லை. கையிலிருந்த குண்டானை வைத்துவிட்டு, சுவரில் சாய்ந்து சரிந்து தரையில் உட்கார்ந்தாள். எட்டு மாதத்தில் முதல்முறை. உட்கார்ந்ததும் இரண்டு கையும் மடியில் விழுந்தன, அப்படியே கிடந்தன. எழுந்து கஞ்சியை இறக்கவேண்டும் என்று நினைத்தாள். எழ முடியவில்லை. அழுதால் தேவலை என்று இருந்தது, அழுகையும் எங்கோ அடியில் கிடந்தது.

திறந்திருந்த கதவு வழியே கெளுத்தி உள்ளே வந்தது. விலா எலும்பு எண்ணலாம் போல இருந்தது. கட்டிலருகே போய் அசையும் கையை ஒருமுறை முகர்ந்தது. பிறகு அதை விட்டுத் திரும்பி, தரையில் கிடந்தவளிடம் வந்து, அவள் மணிக்கட்டைக் கவ்வியது.

"விடு," என்றாள். "நான் நல்லாத்தேன் இருக்கேன்."

நாய் விடவில்லை. கையை லேசாக ஒரு ஆட்டு ஆட்டினால் போதும், விட்டுவிடும், அது ஊருக்கே தெரியும், அவளுக்கும் தெரியும். தக்காளித்தோல் கிழியாத அந்தப் பிடி அவள் நினைத்ததைவிட மெதுவாக இருந்தது. தன்னை யாராவது இப்படிப் பிடித்து எத்தனை காலமாயிற்று என்று நினைத்தாள். கையை அசைக்கவில்லை. நாய் இழுத்த இழுப்புக்கு எழுந்தாள், வாசல் தாண்டினாள், நீந்திக்கொண்டிருந்த தெரு முழுக்க நின்று பார்க்க, செருப்பில்லாமல் நடந்தாள். கரைச்சரிவில் ஏறும்போது முட்டி இடித்துக்கொண்டாள். ஏறி ஏறி, கலுங்குக் கல்லின் மட்டத்தைத் தலை தாண்டிய இடத்தில், அவளுக்கு ஒரு பெரிய மூச்சு உள்ளே போனது, நெஞ்சு வலிக்கும் அளவுக்குப் போனது, அது திரும்பி வந்தபோது அழுகையாக வந்தது. கரைமேல் உட்கார்ந்து கூச்சமில்லாமல் வாய்விட்டு அழுதாள். கெளுத்தி உடம்பை உதறிவிட்டு அவள் பாதத்தில் தலைவைத்துப் படுத்தது.

கரையில் நாய்வண்டி நின்றிருந்தது. சுருக்குக்கம்போடு நாலு பேர், துண்டைப் பிசைந்துகொண்டு வெள்ளைக்கண்ணு, மனுவோடு ஜெகவீரன். "கைய அசைங்கம்மா! அசைங்க!" என்று ஜெகவீரன் தூரத்திலிருந்தே கத்திக்கொண்டிருந்தார். வண்டிக்காரர் ஒருவர் பக்கத்தில் வந்து குனிந்தார்.

"மனுவுல மொதக் கையெழுத்து நீங்கதானம்மா? இதுதான் அந்த நாயா? கடிச்சிருச்சா?"

அவள் மணிக்கட்டைப் பார்த்தாள். பல் பட்ட இடம் சிவந்திருந்தது, தோல் கிழியவில்லை.

"கடிக்கல," என்றாள். மூக்கைச் சேலையில் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "எங்க வீட்டுக்காரரு இன்னும் உள்ளதேன் இருக்காரு. கம்பக் கீழ போட்டுட்டு வாங்க, நாலு பேரு இருந்தாத்தான் கட்டிலத் தூக்க முடியும்."

வண்டிக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அவள் குரலில் என்ன இருந்ததோ, கம்பைக் கீழே போட்டார்கள். "என் வீட்டு முன்னறை சும்மாத்தான் கெடக்கு தாயி," என்று வெள்ளைக்கண்ணு சொல்லிக்கொண்டே பின்னால் வந்தார்.

உள்ளே தவசிலிங்கத்தின் கை இன்னும் போய் வந்துகொண்டிருந்தது. தோள் நடுங்கியது, நெற்றியெல்லாம் வேர்வை. அவ்வளவு நேரமும் அவர் நிறுத்தவில்லை. சொர்ணவல்லி கட்டிலருகே மண்டியிட்டாள்.

"ஏன் இப்படி வெடவெடங்கிறீக? போதும், விடுங்க."

அவர் வாயைக் கோணிக்கொண்டு, எட்டு மாதமாகப் பேசாத பேச்சைக் கஷ்டப்பட்டுக் கூட்டினார். "நா... அசைச்சா... அது... ஒங்கிட்ட... போகும்ல." மூச்சு வாங்கினார். "மொத... நீ."

அவளுக்குப் புரிந்தது. மேலிருந்து அந்த நாய் பார்த்ததை, சுவரைப் பார்த்துக்கொண்டே இந்த மனுஷனும் பார்த்திருக்கிறார். யார் மூழ்கிக்கொண்டிருந்தது என்று தெரு முழுக்கத் தெரியாதபோது இரண்டு பேருக்குத் தெரிந்திருக்கிறது. அவர் கன்னத்தில் ஒரு அடி வைக்கவேண்டும் போலவும் இருந்தது, கட்டிக்கொள்ளவேண்டும் போலவும் இருந்தது.

"மேல போயிரலாமாங்க?" என்றாள். "வீட்ட விட்டுட்டு?"

அவர் விட்டத்தைப் பார்த்தார், தான் நின்று போடவைத்த காங்கிரீட்டைப் பார்த்தார், கடைசியாக அவளைப் பார்த்தார். பிறகு துழாவிக்கொண்டிருந்த கையை மெதுவாகத் தாழ்த்திக் கட்டில் ஓரத்தில் வைத்து, விரல் கூட அசையாமல் வைத்துக்கொண்டார். வாசலில் காத்திருந்த கெளுத்தி உள்ளே வந்து அந்த மணிக்கட்டைப் பிடித்தது. நாலு பேரும் கட்டிலைத் தூக்கினார்கள்.

நாய் ஏற்றிப் போக வந்த வண்டியை வாசலுக்கு இறக்கி, அதில் கட்டிலை ஏற்றினார்கள். கை கம்பிவலைக்கு வெளியே தொங்கியது, அதைக் கவ்வியபடி கெளுத்தி வண்டியோடு கூடவே நீந்தி வந்தது. வண்டி நீலாம்பரி கார்டன் தெருவில் ஊர்ந்து போனபோது எல்லா வாசலிலும் ஆட்கள் துழாவியபடி நின்று பார்த்தார்கள். கரை ஏற்றத்தில் பின்கதவு தானாகத் திறந்துகொண்டது. கட்டில் சரிந்துவிடுமோ என்று ஜெகவீரன் ஓடிவந்து கதவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, வண்டி மேலேறும்வரை கூடவே நடந்தார். வண்டி போனபிறகு அவர் சரிவின் பாதியில், கலுங்கு மட்டத்துக்குக் கீழே, கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு தன் வீட்டைப் பார்த்து நின்றார். மேலிருந்து கெளுத்தி திரும்பி அந்தக் கையைப் பார்த்தது. கையை மறுபடி அசைக்கவேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.